பதினோராம் பொருத்தம்

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். தினம், கணம், யோனி, ராசி, ரஜ்ஜு என்று பஞ்சாங்கத்தை விரித்து வைத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். ஆனால் பஞ்சாங்கத்தைத் தொடுவதற்கு முன்பே வேறொரு பொருத்தத்தைப் பார்த்து முடித்திருப்பார்கள். அது எந்தப் பஞ்சாங்கத்திலும் அச்சாவதில்லை. அச்சடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாதி.

வேலைக்கும் இப்போது பொருத்தம் பார்க்கிறார்கள். கன்சல்டிங் கம்பெனி என்று சொல்லப்படும் பெரிய ஆலோசனை நிறுவனங்கள், படித்து முடித்த பிள்ளைகளை ‘அனலிஸ்ட்’ என்ற முதல்படி வேலைக்கு எடுக்கின்றன. எல்லாச் சோதனையும் முடிந்தபின் தங்களுக்குள் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்று உண்டு: ‘இந்த ஆள் நமக்குப் பொருந்துவானா?’ ‘ஃபிட்’ என்பார்கள். சட்டைக்கு அளவு பார்ப்பதுபோல ரொம்பச் சாதாரணமாகச் சொல்வார்கள். யாருடைய உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது என்று கேட்பதற்குத்தான் இந்தத் தலையங்கம்.

‘ஏன் தோழர், சுடுகாட்டுப் பாதைக்கும் குடிதண்ணிக்குமே இன்னும் அடிதடியா இருக்கு. கோட்டும் டையும் கட்டிக்கிட்டு முதலாளிக்குக் கணக்கு எழுதுற வேலையைப் பத்தி நாம ஏன் பேசணும்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறோம்.

1991-க்குப் பிறகு அரசு வேலை தேய்ந்துகொண்டே வருகிறது. மாடர்ன் புட்ஸ் 2000-இல் போனது. பால்கோ 2001-இல் போனது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா கைக்குப் போனது. ஓர் அரசுக் கம்பெனி தனியாரிடம் போன மறுநாளே, புதிய ஆள் எடுப்பதில் இடஒதுக்கீடு என்ற பேச்சு முடிந்துபோகிறது. அரசியல் சட்டத்தின் 16(4) அரசுப் பணியின் வாசலோடு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் இருப்பது நேர்காணல் அறை மட்டும்தான். கதவுக்குப் பின்னால் நாலு நாற்காலி. யார் என்ன கேட்டார்கள், எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்பது வெளியே வராது. நம் பிள்ளைகள் படித்துவிட்டுப் போய் நிற்கப்போவது அந்தக் கதவுக்கு முன்னால்தான். அதைப்பற்றி நாம் பேசாமல் யார் பேசுவார்கள்?

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். ஆலோசனை விற்கும் தொழிலை அண்ணல் அம்பேத்கரே செய்து பார்த்திருக்கிறார். கொலம்பியாவில் பொருளியல் படித்து எம்.ஏ. வாங்கி, லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்தி 1917-இல் திரும்பினார். பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. பம்பாய்க்கு வந்து, பங்கு வியாபாரத்தில் இறங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். ஆட்கள் வந்தார்கள். இவர் தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வருவதை நிறுத்தினார்கள். தொழில் படுத்துவிட்டது. பொருளியலில் அந்த மனிதருக்கு என்ன தகுதி குறைந்திருந்தது? ஒன்றுமில்லை. ‘பொருத்தம்’ இல்லை. அவ்வளவுதான்.

*

சரி, அந்த அறைக்குள் என்னதான் நடக்கிறது? கிராமத்திலிருந்து வந்து படிக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இதைச் சொல்லித்தர யாருமில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

மெக்கின்சி 1926-இல் சிகாகோவில் தொடங்கியது. பாஸ்டன் கன்சல்டிங் குரூப் 1963-இல், பெய்ன் 1973-இல். இந்த மூன்றும்தான் இந்தத் தொழிலின் பெரிய தலைகள். கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் யோசனை விற்பது இவர்கள் வேலை. எங்கே செலவைக் குறைக்கலாம், எந்தக் கிளையை மூடலாம், எந்தச் சரக்கை எங்கே விற்கலாம் என்று கணக்குப் போட்டு, படம் போட்டு, எடுத்துச் சொல்கிறார்கள். அனலிஸ்ட் என்பவர் அந்தக் கணக்கையும் படத்தையும் தயாரிக்கிற கடைநிலை ஆள். கடைநிலை என்றாலும் நல்ல சம்பளம். நாலு வருசத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

முதல் வடிகட்டல் கல்லூரியின் பெயர். ஐஐடி, ஐஐஎம் என்று ஒரு சின்னப் பட்டியல். ஐஐடிகளில் டிசம்பர் 1 அன்று வேலைத் திருவிழா தொடங்குகிறது. பட்டியலில் இல்லாத அரசுக் கலைக்கல்லூரிக்கு அந்தத் தேர் வருவதே இல்லை. இரண்டாவது பயோடேட்டா. மதிப்பெண்ணோடு ‘பொறுப்பு வகித்தது’, ‘விளையாட்டு’, ‘வெளிநாட்டுப் பயிற்சி’ என்று கட்டங்கள். விடுமுறையில் கட்டட வேலைக்குப் போய் ஹாஸ்டல் பணம் கட்டியதை எழுத அதில் கட்டம் கிடையாது. மூன்றாவது கணினிச் சோதனை.

நான்காவதுதான் ‘கேஸ்’. ஒரு கம்பெனியின் சிக்கலைச் சொல்லி, ‘நீ என்ன செய்வாய்?’ என்பார்கள். அரைமணி நேரம். இதில் ஒருவகை குத்துமதிப்புக் கணக்கு. ‘சென்னையில் ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்கும்?’ விடை யாருக்கும் தெரியாது. கேட்டவருக்கும் தெரியாது. நீ எப்படிப் பிரித்து யோசிக்கிறாய் என்பதுதான் சோதனை. ஜனத்தொகை 70 லட்சம் என்று வைத்துக்கொள். குழந்தைகள், வீட்டிலேயே குடிப்பவர்கள் போக, கடையில் குடிப்பவர் பாதி, 35 லட்சம். ஆளுக்கு ரெண்டு டீ. ஆக 70 லட்சம் டீ. ஒரு கடையில் 500 டீ விற்றால் 14,000 கடை. இவ்வளவுதான். எது எதை அனுமானித்தாய் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசியில் ‘இது நம்பும்படி இருக்கிறதா’ என்று தானே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். மளிகைக்கடைக் கடன் நோட்டை மனசிலேயே கூட்டிக் கழிக்கிற நம் அம்மாக்களுக்கு இது பிரம்ம வித்தையா?

இன்னொரு வகை: ‘ஒரு கடையில் லாபம் குறைகிறது. ஏன்?’ லாபம் என்றால் வரவு கழித்தல் செலவு. வரவு என்றால் எத்தனை விற்றது, என்ன விலை. செலவு என்றால் விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகிற செலவு, விற்க விற்க ஏறுகிற செலவு. இப்படிக் கிளை பிரிக்கும்போது ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது, எதுவும் விட்டுப்போகவும் கூடாது. மெக்கின்சியில் வேலை பார்த்த பார்பரா மின்டோ 1960-களில் வகுத்த விதி இது. ‘மீசி’ என்று சுருக்கிச் சொல்வார்கள். பேரைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. நெல்லைத் தூற்றி மணி, பதர், கருக்காய் என்று பிரிக்கிற காரியம்தான்.

விதி நல்ல விதி. ஆனால் எதுவும் விட்டுப்போகக்கூடாது என்று சொல்கிறவர்களின் கிளையில் எது விட்டுப்போகிறது என்று பாருங்கள். ஒரு ஊர் டீக்கடையில் வரவு குறைகிறது. போட்டிக் கடையா, பால் விலையா, டீத்தூளா என்று பையன் பிரித்துக்கொண்டே போவான். சேரியிலிருந்து வந்த பெண்ணுக்கு இன்னொரு காரணம் தெரியும். அந்தக் கடையில் தனிக் குவளை. சேரிப் பிள்ளைகள் ஒன்றுகூடி, இனி அங்கே குடிப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார்கள். பாதி வியாபாரம் போச்சு. இதை அந்தப் பெண் அந்த அறையில் சொல்வாளா? சொன்னால் ‘கூர்மையான கவனிப்பு’ என்று எழுதுவார்களா, ‘சென்சிடிவ் டைப்’ என்று எழுதுவார்களா? அவளுக்குத் தெரியாது. அதனால் பால் விலை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். தனக்குத் தெரிந்ததை மறைத்தால்தான் தகுதி கிடைக்கும் என்றால், அந்தத் தகுதியை என்னவென்று சொல்வது?

*

ஐந்தாவது கட்டம்தான் பதினோராம் பொருத்தம். ‘உன்னைப்பற்றிச் சொல்.’ ‘ஒரு குழுவை நீ வழிநடத்திய கதையைச் சொல்.’ இதோடு நிற்பதில்லை. ‘அப்பா என்ன பண்றார்?’ ‘சொந்த ஊர் எது?’ ‘சென்னையில எந்த ஏரியா?’

வடநாட்டில் பெயருக்குப் பின்னாலேயே சாதி தொங்கும். சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் செய்த ஆய்வு 2007-இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தது. 66 வாரம், 548 வேலை விளம்பரங்கள், 4,808 விண்ணப்பங்கள். படிப்பு ஒன்று, அனுபவம் ஒன்று. பெயர் மட்டும் வேறு. உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பெயருக்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கம் பெயரின் வாலை வெட்டியது. பெரிய காரியம். ஆனால் வாலைத் தேடுகிறவன் சும்மா இருப்பானா? ஊரைக் கேட்கிறான், தெருவைக் கேட்கிறான், அப்பன் தொழிலைக் கேட்கிறான். நுழைவுத்தேர்வு ரேங்க் என்ன என்று ஒரு கேள்வி போதும், சாதிச் சான்றிதழ் கேட்க வேண்டியதே இல்லை. 2023 பிப்ரவரியில் தர்ஷன் சோலங்கி என்ற தலித் மாணவரின் உயிர் பம்பாய் ஐஐடியில் போனது. அதே ஆண்டு ஜூலையில், சக மாணவரிடம் நுழைவுத்தேர்வு ரேங்கைக் கேட்பது முறையல்ல என்று அந்த நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டது. மாணவன் மாணவனைக் கேட்கக்கூடாத கேள்வியை முதலாளி மட்டும் கேட்கலாமா?

2007-இல் அதே வார இதழில் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும், தில்லியில் 25 பெருநிறுவனங்களின் மேலாளர்களிடம் பேசி எழுதினார்கள். சாதியா, நாங்கள் பார்ப்பதே இல்லை, தகுதிதான் என்றார்கள் மேலாளர்கள். அதே மூச்சில், குடும்பப் பின்னணி முக்கியம் என்றார்கள். நல்ல குடும்பம், படித்த குடும்பம், நல்ல வளர்ப்பு! அப்பனுடைய படிப்பை வைத்து மகனை எடுப்பதற்குப் பெயர் தகுதியாம். இதைத்தானய்யா மனு வேறு பேரில் சொன்னான்.

ஓர் உயர்மட்டக் கல்லூரியின் வேலைத்தேர்வு ஆவணங்களை ஆராய்ந்த பொருளியலாளர் சௌமித்ரா சுக்லா இன்னும் துல்லியமாகச் சொல்கிறார். விண்ணப்பத்தை வடிகட்டும்போதும் எழுத்துச் சோதனையிலும் குழு விவாதத்திலும் சாதி இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. கடைசித் தனி நேர்காணலுக்கும் வேலை உத்தரவுக்கும் நடுவில்தான் பள்ளம் விழுகிறது. அதாவது கணக்கில் தோற்கவில்லை நம் பிள்ளைகள். பேச்சு தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் நுழையும்போது தோற்கடிக்கப்படுகிறார்கள்.

இது புதுசா? 1950-ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். தேர்வில் அச்சுதானந்த தாஸ் எழுத்துத் தேர்வில் 1,050-க்கு 613 வாங்கினார். அந்த ஆண்டின் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் எழுத்துத் தேர்வில் வாங்கியது 602. நேர்முகத்தில் முதலிடக்காரருக்கு 300-க்கு 260. தாஸுக்கு 110. எழுத்தில் முந்தியவரை வாய்ப்பேச்சு பட்டியலின் அடிக்குத் தள்ளியது. இடஒதுக்கீடு இருந்ததால்தான் அவர் பட்டியல் சாதியின் முதல் ஐ.ஏ.எஸ். ஆனார். இடஒதுக்கீடே இல்லாத அறையில் என்ன நடக்கும்?

அமெரிக்காவிலும் இதே கதை, வேறு சட்டையில். லாரன் ரிவேரா என்ற சமூகவியலாளர் அங்குள்ள பெரிய ஆலோசனை நிறுவனங்கள், முதலீட்டு வங்கிகள், வக்கீல் கம்பெனிகளில் ஆள் எடுக்கிற 120 பேரைப் பேட்டி கண்டார். பாதிக்கு மேற்பட்டவர்கள் நேர்காணலில் தாங்கள் முதலில் பார்ப்பது பண்பாட்டுப் பொருத்தம் என்றார்கள். விமானம் ரத்தாகி இந்த ஆளோடு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் பொழுது போகுமா என்று யோசிப்பார்களாம். பணக்கார வீட்டு விளையாட்டும் பொழுதுபோக்கும் அங்கே தகுதியாகிவிடுகிறது. ஒருவனுக்கு இன்னொருவனைப் பிடித்துப்போவது சும்மா நடப்பதில்லை தோழர்களே. ஒரே பள்ளி, ஒரே தெரு, ஒரே சாப்பாடு, ஒரே ஜோக்கு. அங்கே நிறமும் வர்க்கமும். இங்கே சாதி.

*

‘அங்கே போகாமல் இருந்தால் என்ன’ என்பதற்கு வருவோம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளர்கள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. அவர்களில் மிகப்பெரும்பாலோர் நம் மக்கள், அதிலும் நம் பெண்கள். எங்கே இப்படித் தனியாருக்குக் கொடுத்தாலும் அதற்கு முன்னால் ஒரு கணக்கு போடப்பட்டிருக்கும். அதில் அந்த அம்மாக்கள் ‘ஆள் செலவு’ என்ற ஒரு வரி. குறைக்கப்பட வேண்டிய வரி.

அந்தக் கணக்கைப் போடுகிற மேசையில் அந்த அம்மாவின் மகள் உட்கார்ந்தால் எல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சம்பளம் வாங்குகிறவர் முதலாளி சொன்னதைத்தான் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அந்த மேசை நமக்கு மூடியே கிடந்தால் நம்மைப்பற்றிய கணக்கை எப்போதும் அடுத்தவன்தான் போடுவான். அது எப்படிப் போடப்படுகிறது என்றுகூட நமக்குத் தெரியாது. தெரிந்தால்தானே எதிர்க்கணக்குப் போட முடியும்? வேலைக்குப் போவதும் போகாததும் அந்தப் பிள்ளையின் விருப்பம். போகக்கூடாது என்று கதவைச் சாத்துகிற உரிமை யாருக்கும் கிடையாது.

ஆகவே இரண்டு வேலைகள் நம் முன்னால்.

முதல் வேலை, கற்றுக்கொள்வது. கேஸ் என்பது பழகினால் வருகிற வித்தை. பெரிய கல்லூரிகளில் இதற்கென்றே மன்றம் வைத்து, மூத்தவன் இளையவனை உட்காரவைத்து ஐம்பது அறுபது தரம் ஒத்திகை பார்க்கிறான். அப்புறம் அதற்குப் பெயர் பிறவித் திறமை! நாமும் பார்ப்போம். ஹாஸ்டல் மொட்டைமாடி போதும். இரண்டு பேர் எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் கேட்கட்டும், ஒருவர் சொல்லட்டும். கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள், அது குறையில்லை. விடைக்குப் பாயாமல் எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கணக்கைச் சத்தமாகப் போடுங்கள். தப்பு வந்தால் ‘இங்கே தப்பு, திருத்துகிறேன்’ என்று சொல்லித் திருத்துங்கள். இங்கிலீஷ் தடுக்கினால் வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள். வழிநடத்திய கதை கேட்டால் கல்லூரிக் கலைவிழாவைத் தேடி ஓடாதீர்கள். உதவித்தொகை வராதபோது நூறு பேரைத் திரட்டிக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனீர்களே, அது என்ன? நிர்வாகம்தான். தேதி, ஆள் எண்ணிக்கை, என்ன கேட்டீர்கள், என்ன கிடைத்தது என்று சொல்லிப் பழகுங்கள். முன்னே போய் வேலையில் உட்கார்ந்திருக்கிற அண்ணன்களும் அக்காக்களும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். இரவுப் பள்ளி நடத்திய இயக்கம் நாம். இதையும் நடத்துவோம்.

இரண்டாவது வேலை, கதவைத் திறப்பது. பயிற்சி மட்டுமே போதும் என்றால் குற்றம் நம் பிள்ளைகள் தலையில் விழும். ‘நீ சரியா பேசலப்பா’ என்று முடித்துவிடுவார்கள். ஆகவே கேட்கிறோம்:

அப்பா தொழில், சொந்த ஊர், தெரு, நுழைவுத்தேர்வு ரேங்க் ஆகிய கேள்விகளை வளாக நேர்காணலில் தடை செய். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், கேள்விக்குக் கேள்வி மதிப்பெண், அதுவும் தங்களுக்குள் கலந்து பேசுவதற்கு முன்பே எழுத்தில். இப்படி வகுத்த நேர்காணல்தான் வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட நல்ல ஆளைக் கண்டுபிடிக்கிறது என்று 1998-லும் 2022-லும் வந்த பெரிய தொகுப்பாய்வுகள் காட்டியிருக்கின்றன. நாங்கள் கேட்பது சலுகை இல்லை.

எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் அழைக்கப்பட்டார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள் என்று ஒவ்வொரு கட்டத்திலும் சாதிவாரியாகக் கணக்கு வெளியிடு. ஐஐடி மக்கள் பணத்தில் நடப்பது. அதன் வேலைவாய்ப்பு அலுவலகத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாணவத் தோழர்கள் இன்றே மனு எழுதலாம்.

வேலைக்குத் தொடர்பில்லாத சோதனையை வைத்து ஒரு சமூகத்தை வடிகட்டினால், உள்நோக்கம் இல்லை என்று சொன்னாலும் அது குற்றம்தான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் ட்யூக் பவர் கம்பெனி வழக்கில் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். அந்த அளவுகோலை அரசு கைவிட வேண்டும் என்று 2025 ஏப்ரலில் அங்கே அதிபர் ஆணை வந்தது. அந்த ஆணையின் தலைப்பிலேயே ‘தகுதி’ இருக்கிறது! உலகம் முழுக்க அந்தச் சொல் யாருக்குக் காவல் நிற்கிறது பாருங்கள். நமக்கும் பாடம் இருக்கிறது. ஆணையாக வந்தது ஆணையாகவே போகும். சட்டமாக எழுது.

தனியார் துறையில் இடஒதுக்கீடு நடக்காத காரியம் என்பார்கள். தனியார் கல்லூரியிலும் நடக்காது என்றுதான் சொன்னார்கள். 2005-இல் 93-ஆம் திருத்தம் வந்தது, 2006-இல் தமிழ்நாடு சட்டமே போட்டது. அரசு வாங்கும் மொத்தச் சரக்கில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-லிருந்து மத்திய அரசின் விதி இருக்கிறது. சரக்கு வாங்க நிபந்தனை போடலாம், யோசனை வாங்கப் போடக்கூடாதா? அரசு காசில் ஒப்பந்தம் வாங்குகிற ஆலோசனை நிறுவனம், தன் அலுவலகத்தில் எத்தனை தலித்துகள், எத்தனை பழங்குடியினர் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். கொடுக்காதவனுக்கு ஒப்பந்தம் கிடையாது.

லாபம் ஏன் குறைகிறது என்று எல்லோரையும் கேட்கிறவர்களை நாம் ஒரே ஒரு கேள்வி கேட்போம். உங்கள் மேசையில் நாங்கள் ஏன் குறைகிறோம்? அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளை பிரித்துச் சொல்லுங்கள். எதுவும் விட்டுப்போகக் கூடாது.

- ஆசிரியர் குழு